அடைத்த பொந்து

நாளை இந்தச் சரிவு எரியும் என்று வன அலுவலகத்தின் தீ முன்னறிவிப்புத் திரை சொல்லிவிட்டால், அதற்கு மேல் பேச்சே கிடையாது. வனக்காவலர் வெள்ளையம்மாள் ஏணியில் ஏறி, மரப்பொந்தின் மண்பூச்சை உளியால் உடைத்தாள்.

மூன்று கோடைத் தீக்குப் பிறகு அங்கே மிஞ்சிய ஒரே பொந்து அது. உள்ளே பெண் இருவாச்சி அடை காத்துக்கொண்டிருந்தது. வாசலைத் தானே பூசி அடைத்து, சிறகெல்லாம் உதிர்த்துவிட்டு, ஆண் கொண்டுவரும் பழத்தை ஒரு கீறல் வழியாக வாங்கித் தின்னும் பறவை. தீ வந்தால் பறக்கவும் முடியாது. கூண்டில் போட்டு அடிவாரத்துக்கு அனுப்பினார்கள்.

காற்று திசை மாறிவிட்டது. தீ வரவேயில்லை. மறுநாள் ஜீப்பில் திரும்பி வந்த கூண்டில் பறவை செத்துக் கிடந்தது.

வெள்ளையம்மாளுக்கு மனசு ஆறவில்லை. ஆண் வந்து உடைந்த வாசலைப் பார்க்குமே என்று, மண் குழைத்துப் பழையபடி பூசி, கீறலும் விட்டுவைத்தாள்.

ஜீப் டிரைவர் சடையப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? தொறந்து கெடந்தா, அது இல்லைன்னு தெரிஞ்சு வேற எடம் போயிருக்கும். இப்போ உள்ள இருக்குன்னுல்ல நெனைக்கும்?"

ஒரு வாரம் கழித்து உளியோடு போனாள். ஆண் கீறலில் அலகை விட்டு ஊட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பழம் நிரம்பி இடமில்லாமல், அது ஊட்டிய அத்திப்பழம் வெளியே உருண்டு அவள் காலடியில் விழுந்தது.