மை விரலுக்குத் தே இலவசம்

"எங்க, விரலைக் காட்டு" என்றார் புஷ்பவள்ளி. மகேஸ்வரன் இன்னும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரக்கூட இல்லை.

கோத்தா திங்கியில், கம்பம் என்று சொல்லும் ஆற்றோரக் கிராமத்தில் இருந்த அவர் தேநீர்க் கடையில் அன்றைக்கு அதுதான் சட்டம். மாநிலத் தேர்தல் நாள். ஓட்டுப் போட்ட மை விரலில் இருந்தால் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், ஒரு தே தாரிக், இலவசம். காலையிலிருந்து ஆட்கள் விரலை நீட்டுவதும் குடிப்பதுமாகக் கடை ஒரே கலகலப்பு.

மகேஸ்வரன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடுகிற ஆள். ஓட்டுப் போட வேண்டும் என்று கெஞ்சித்தான் அன்றைக்கு லீவு வாங்கினான். வாங்கிய லீவில் மத்தியானம்வரை தூங்கினான்.

"காசு குடுத்தே குடிக்கிறேன் லா, அக்கா. கெட்டியா போடுங்க."

"மணி அஞ்சுதான் ஆகுது. ஆறு வரைக்கும் போடலாம். போயிட்டு வா."

"போயி? ஒரு பக்கம் குண்டு போட்டுக்கிட்டே இருக்கான். என் கிடங்குல முப்பது பேர் செஞ்ச வேலைய இப்ப ரோபோ செய்யுது, அடுத்து வீட்டுக்குப் போறது நான்தான். போன்ல நியூஸ் படிக்கிறது மனுசனா, ஏஐயான்னே தெரியல. நான் விரல்ல மை வச்சுக்கிட்டா இதெல்லாம் நின்னுடுமா?"

உலகத்தைப் பற்றி ஆரம்பித்தால் மகேஸ்வரன் லேசில் நிறுத்த மாட்டான். ஆனால் அந்தப் பருப்பு புஷ்பவள்ளியிடம் வேகாது. எந்த நாட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த மந்திரி என்ன உளறினார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இத்தனைக்கும் ஊரே காய்கறி வாங்கப் போவதுபோல் சிங்கப்பூர் போய் வருகிறது, அவர் மட்டும் எல்லைப் பாலத்தை ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. கேட்டால், "அங்க எனக்கு என்ன வேலை?" என்பார்.

"குண்ட நிறுத்தச் சொல்லல, தம்பி. வாய்க்காலத் தூர் வாரச் சொல்றேன்" என்றார், கறிபாப்புக்கு மாவு பிசைந்தபடி. "மூணு வருஷமா மழை வந்தா என் வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. சுவரு விட்டுப் போச்சு. இந்த மழைக்குத் தாங்காது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நம்ம கம்பத்துல பாதிப் பேர் ஓட்டே போடறதில்ல. அது நிக்கிறவனுக்கும் தெரியும், ஜெயிக்கிறவனுக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பான்? யாருக்காச்சும் போடு. ஆனா போடு."

மகேஸ்வரனின் வீடு மேட்டில் இருந்தது. வெள்ளம் எத்தனை உயர்ந்தாலும் அவன் வாசலோடு நின்றுவிடும்.

"எவன் வந்தாலும் இதே கதைதான், அக்கா. இந்த நாடு திருந்தாது."

"திருந்தாட்டிப் போகுது. பையில நீல ஐசி இருக்குல்ல, நீ இந்த நாட்டுக் குடிமகன்னு சொல்ற அட்டை? அத எடுத்துக்கிட்டு நட." மாவுக் கையாலேயே எதிர்ச் சாரியில் இருந்த பள்ளிக்கூடத்தைக் காட்டினார். சாலையைத் தாண்டினால் ஓட்டுச்சாவடி.

அவன் போனை எடுத்துக்கொண்டான். மின்சாரக் காரைப் பற்றி யாரோ பேசிய வீடியோவைப் பார்த்தான், அதற்கும் ஓர் அபிப்பிராயம் சொன்னான். புஷ்பவள்ளி சுவர்க் கடிகாரத்தையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு. எனக்காகப் போயேன்டா."

அந்தக் குரல் அவனை என்னவோ செய்தது. பாதி எழுந்தும்விட்டான். பிறகு, ஒரு ஓட்டில் என்ன கிழிந்துவிடப்போகிறது என்ற பழைய நினைப்பு வந்து தோளைப் பிடித்து உட்கார்த்திவிட்டது.

ஆறு மணிக்குப் போலீஸ்காரர் பள்ளிக்கூடத்து இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்.

புஷ்பவள்ளியின் முகம் விழுந்துவிட்டது. குழாயைத் திறந்து கையைக் கழுவினார். மகேஸ்வரனுக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. இதற்குத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

மாவு கரைந்து போனதும்தான் கவனித்தான். கழுவினாலும் போகாத மை அது. புஷ்பவள்ளியின் பத்து விரலிலும் ஒரு பொட்டு மை இல்லை.

"அலமாக்! என்னக்கா இது?" என்று துள்ளிக்கொண்டு சிரித்தான். மனசிலிருந்த பாரம் சட்டென்று இறங்கியதுபோல் இருந்தது. "காலையிலேர்ந்து ஊரையே விரட்டி விரட்டி அனுப்பினீங்க. நீங்க போடலையா? என்னைச் சொல்ல வந்துட்டீங்க!"

புஷ்பவள்ளி கையைத் துடைத்துக்கொண்டு, அவன் கேட்டபடி கெட்டியாகவே போட்ட தேயைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"இந்த ஊர்லயே பொறந்தும் எனக்கு இன்னும் சிவப்பு ஐசிதான், தம்பி. அதுக்கு ஓட்டு கிடையாது."