ஒண்ணுமில்லை அண்ணன்

“இந்த வாரமும் ஒண்ணும் நடக்கலை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!”

சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் சாட்சி.

பின்வரிசையில் வாலிபப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வருஷக்கணக்காக இதே பல்லவி. ஒருத்தருக்கு வேலை கிடைத்திருக்கும், இன்னொருத்தருக்குக் கட்டி கரைந்திருக்கும், கண்ணீரோடு சாட்சி சொல்வார்கள். நடுவில் இந்த மனுஷன் எழுந்து நின்று, ஒண்ணும் நடக்கலை என்பார். சபையில் அவருக்கு ‘ஒண்ணுமில்லை அண்ணன்’ என்றே பேர் விழுந்துவிட்டது.

நான் சபையின் செயலாளர். அடுத்த ஞாயிறு வருஷாந்தர ஸ்தோத்திர ஆராதனை. வெளியிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். ஐந்தே ஐந்து பேர்தான் சாட்சி சொல்லலாம் என்று சொல்லி, ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார் பாஸ்டர்.

முதல் பேராக என் பேரைத்தான் எழுதினேன். அதில் என்ன தப்பு? கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவன் என் பிள்ளை. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, நாற்பது நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தவன். அந்த நாற்பது நாளில் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் சபைக்கு வந்து அழுதிருக்கிறேன். அதையெல்லாம் எட்டுப் பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் அண்ணன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

“அம்மா, அந்தப் பட்டியல்ல என் பேரையும் சேர்த்துக்கறீங்களா? ஒரு நிமிஷம்கூட ஆகாது.”

“தப்பா நினைக்காதீங்கண்ணே. நடந்ததைச் சொன்னாத்தான் சாட்சி. உங்களுக்கு ஏதாவது நோய் குணமாச்சா?”

“நோயே வரலையேம்மா.”

“வீட்டுல ஏதாவது நல்ல காரியம்?”

“அதே வீடு, அதே வேலை, அதே பொண்டாட்டி. எல்லாம் கர்த்தரோட கிருபையில அப்படியே இருக்கு.”

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். “விருந்தாளிங்க முன்னாடி சபை மானம் போயிடும்ண்ணே. இந்த ஒரு தடவை விட்டுக்குடுங்க.”

அவர் முகம் வாடிப்போனது.

“வருஷத்துல அந்த ஒரு நாள் வெளியாளுங்க முன்னாடியும் நின்னு நன்றி சொல்லணும்னு ஆசைப்பட்டேன். சரி, பரவாயில்லைம்மா.”

பாவமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கியதும் அதையும் மறந்துபோனேன்.

புதன்கிழமை காலையில் பிள்ளைக்கு எடை பார்க்க அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு சிஸ்டர் அவனைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்சோ கொஞ்சென்று கொஞ்சினாள்.

“அடேயப்பா, கன்னத்தைப் பாரேன்! இவனா அந்தக் கோழிக்குஞ்சு?”

சுவரோரம் ஒருவர் மண்டி போட்டு, ஆக்சிஜன் குழாயின் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தார். திரும்பினார். ஒண்ணுமில்லை அண்ணன்!

“அண்ணே, நீங்க இங்கேயா வேலை பார்க்கறீங்க?”

ஏதோ குழாய் வேலை என்று மட்டும் தெரியும். எங்கே என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

“ஆமாம்மா. காத்து எங்கயாவது கசிஞ்சா குமிழி வரும். வரலைன்னா அடுத்த குழாய்க்குப் போயிடுவேன்.”

சிஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இவரை உங்களுக்குத் தெரியுமா? அப்போ அன்னைக்கு நடந்ததைச் சொல்லியிருப்பாரே?”

“என்னைக்கு?”

“உங்க பிள்ளை பெட்டியில இருந்தப்போ, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் திடீர்னு மெயின் லைன்ல ஆக்சிஜன் குறைய ஆரம்பிச்சிருச்சு. ஏழு குழந்தைங்க! எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. இவர்தான் இங்க இருந்த சிலிண்டரை முதல்ல உங்க பிள்ளைக்கு மாட்டினார். அவன்தானே எல்லாரையும்விடச் சின்னவன்? அப்புறம் லிஃப்டுக்குக்கூட நிக்காம, மூணு மாடி ஏறி இறங்கி, மத்த ஆறு சிலிண்டரையும் தோள்லயே தூக்கிட்டு வந்தார். ஒரு குழந்தைக்கும் ஒண்ணும் ஆகலை.”

பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். நான் எழுதி வைத்திருந்த எட்டுப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

“ஞாயித்துக்கிழமை முதல் சாட்சி உங்களுதுதாண்ணே,” என்றேன். அதற்குமேல் தாங்க முடியாமல் அழுதேவிட்டேன். “ஏண்ணே, இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கு! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?”

அவர் ஈரக் கையைத் துணியில் துடைத்துவிட்டு, பிள்ளையின் பாதத்தை மெல்லத் தொட்டார்.

“சொன்னேனேம்மா! அந்த ஞாயித்துக்கிழமையே சபையில எழுந்து நின்னு சொன்னேனே. நீங்ககூடச் சிரிச்சீங்க. அத்தனை கஷ்டத்துலயும் நீங்க சிரிச்சதைப் பார்த்து எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு.”