பதினாலாம் நம்பர் கவிதை

"பதினெட்டு கவிதையும் பாத்தாச்சான்னு அவகிட்ட கேளுக்கா."

முன்னறையில் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே புரூஃப் ரீடர் சொன்னார். அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு படுக்கையறை வாசலுக்குப் போய்க் கேட்டார். நடுவில் பத்தடிகூட இருக்காது.

"பாத்தாச்சு, மார்க்கும் அனுப்பியாச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி" என்றார் டீச்சர். அக்கா திரும்பி வந்து தம்பியிடம் அதைச் சொன்னார்.

ஏழு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இப்படித்தான். கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட அக்காவுக்குச் சமையல் ஒரு வேலை என்றால், இது இன்னொரு வேலை.

எல்லாம் கவிதையால் வந்த வினை. இணையத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் நடத்தும் கவிதைக் குழு. இருநூறு பேர் இருக்கிறார்கள். மாதாமாதம் போட்டி உண்டு. எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, நம்பர் மட்டும் போட்டு நடுவர்களுக்கு அனுப்புவார். அந்தக் குழுவில் பழகித்தான் இவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். சண்டையும் அங்கேயேதான் வந்தது.

ஒரு மாதம் ஒன்பதாம் நம்பர் கவிதைக்குப் புரூஃப் ரீடர் இரண்டே மார்க் போட்டு, 'கண்ணீர் இருக்கிறது, கவிதை இல்லை' என்று குழுவில் எழுதிவிட்டார். அப்பா இறந்த அன்று டீச்சர் எழுதியது அது என்பது முடிவு வந்த பிறகுதான் தெரிந்தது. அச்சகத்தில் எறும்பு அளவு பிழையைக்கூட விடாத மனுஷனுக்குப் பெண்டாட்டியின் எழுத்து அடையாளம் தெரியவில்லை. அன்றே மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். 'நடுவர்னா நடுவர்தான்' என்று வீம்புக்கு நின்றார்.

இப்போது டீச்சரின் மேஜையில் வெளியூருக்கு மாற்றல் கேட்டு ஒரு மனு தயாராக இருந்தது. நாளை காலை பள்ளியில் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் அவருக்கு வேலையில்லை. அதையும் அக்காதான் வந்து தம்பியிடம் சொல்லியிருந்தார்.

இந்த மாதம் ஆண்டு விழாப் போட்டி. இருவருமே நடுவர்கள். நடுவர்களும் கவிதை அனுப்பலாம், தங்கள் கவிதைக்கு மட்டும் மார்க் போடக் கூடாது என்று விதி.

புரூஃப் ரீடருக்குப் பதிமூன்று கவிதைகள் கொட்டாவியோடு கழிந்தன. பதினாலாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'இந்த வீட்டில் என்னோடு
யாரும் பேசுவதில்லை.
நீலத் துணி கட்டிய குழாயைத் திறந்து
நேற்று தண்ணீரிடம் என் பெயரைச் சொன்னேன்.
கேட்க நன்றாகத்தான் இருந்தது.'

எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒதுங்கி வழிவிட்டார். ஒழுகும் குழாயில் நீலத் துணி கட்டியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். வாழ்க்கையில் முதல் முறையாகப் பத்துக்குப் பத்து போட்டார். அனுப்பிய கையோடு படுக்கையறைப் பக்கம் நடந்தார்.

"என்னப்பா சொல்லணும் அவகிட்ட?" என்று பழக்க தோஷத்தில் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நானே சொல்லிக்கிறேன்க்கா."

டீச்சர் தலை நிமிரவில்லை. புரூஃப் ரீடர் வாசலிலேயே நின்று பேசினார்.

"பதினாலுக்குப் பத்து போட்டிருக்கேன். நீ இந்த அளவுக்குத் தவிச்சிருக்கேன்னு எனக்கு உறைக்கல. உங்கப்பாவைப் பத்தின கவிதைக்கு நான் எழுதினது தப்பு. மன்னிச்சுடு."

டீச்சர் இப்போது நிமிர்ந்தார்.

"அதை நான் எழுதலை. நீங்க எழுதினதுன்னு நெனச்சு நானும் பத்து போட்டேன். தண்ணிகிட்டப் பேசற அளவுக்கு இந்த மனுஷன் ஆயிட்டாரேன்னு காலையில உக்காந்து அழுதேன்."

இரண்டு பேரும் கொஞ்சம் விழித்தார்கள். நம் வீட்டுக் குழாய் மாதிரியே ஊரில் இன்னொரு வீட்டுக் குழாயும் ஒழுகுகிறது போல என்று அவர் சொல்ல, டீச்சருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. யார் எழுதியிருந்தால் என்ன, எழுதிய கை நன்றாக இருக்கட்டும். மனுவை நாலாகக் கிழித்துப் போட்டார்.

அக்கா இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். தம்பி அப்போதுதான் அவரைக் கவனித்தார்.

"அக்கா, இனிமே உனக்கு இந்த அலைச்சல் இல்ல. நாங்களே பேசிக்குவோம்."

"நல்லதுப்பா" என்றார் அக்கா. டீ போடட்டுமா என்று கேட்டார். அவர்கள் ஏழு மாதக் கதையைப் பேச ஆரம்பித்திருந்தார்கள். பதிலுக்குச் சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாலை ஆறு மணிக்குக் குழுவில் முடிவு வந்தது. டீச்சர் செல்போனை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"முதல் பரிசு, எண் பதினாலு. இந்தக் கவிதையை அனுப்பியவர் பெயர் குறிப்பிடவில்லை. அனுப்பிய செல் நம்பர் கீழே உள்ளது. உரியவர் தன் பெயரைச் சொல்லவும்."

நம்பரைப் பாதி படித்ததும் டீச்சர் நிறுத்திவிட்டார். மீதியை அவருக்கே மனப்பாடமாகத் தெரியும். புதுப் போன் வாங்கியபோது, கண்ணாடி விரிசல் விட்ட பழைய போனை, 'மணி பாக்க ஆகும், வெச்சுக்கோ' என்று அந்த நம்பரோடு அக்காவிடம் புரூஃப் ரீடர்தான் கொடுத்திருந்தார்.

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே அக்கா மெதுவாக ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் யாருமே இதுவரை கூப்பிட்டிராத பெயர் அது.