ஏழு மணித் தீவனம்

மீன் பண்ணைக்கு மேலாளராக இருந்தவன் அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான்.

நோட்டில் 'தீவனம் போட்டது: காலை ஏழு மணி' என்று எழுதியிருந்தது. இப்போது மணி பதினொன்றரை. தொட்டியக்கா இப்போதுதான் வாளியோடு நின்று தீவனத்தைத் தூவிக்கொண்டிருந்தாள்.

பதினாறு வருஷமாக அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவள். வீட்டு மனுஷர்களைவிட மீன்களோடுதான் அதிகம் பேசுவாள் என்பதால் வந்த பட்டப்பெயர் அது.

"என்னக்கா இது?"

அவள் நோட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இந்தப் பொய்?"

"குளிர் ஆரம்பிச்சதிலேருந்து, சார்."

எத்தனை மணிக்கு எவ்வளவு தீவனம் என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டை, அவன் வேலைக்குச் சேர்ந்த கோடையில் ராப்பகலாக உட்கார்ந்து தயாரித்தது. போன மாதம் முதலாளி வந்து, மீன்களின் வளர்த்தியைப் பார்த்துவிட்டு அந்த அட்டையைத்தான் மெச்சினார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதை ஒருத்தி இத்தனை நாளாகக் காற்றில் பறக்கவிட்டிருக்கிறாள்! வந்த கோபத்தில், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

புதிதாக வந்த ஆள், டாணென்று ஏழு மணிக்குத் தூவினான். மீன்கள் சீந்தவில்லை. தீவனம் ஊறி, அடியில் போய் அழுகி, தண்ணீர் நாறியது. மூன்றாவது வாரம் ஐந்தாம் தொட்டி முழுக்க மீன்கள் செத்து மிதந்தன.

காலையில் முதலாளிக்கு அறிக்கை அனுப்பியவன், மற்ற தொட்டிகளையாவது காப்பாற்ற வேண்டுமே என்று மத்தியானம் அவளைத் தேடிப் போனான். ஒரு சலவைக் கடையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனுங்க எப்படி இருக்கு, சார்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

சொன்னான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏழு மணிக்குத் தண்ணி ஜில்லுனு கிடக்குமே, சார். அந்தக் குளிர்ல அதுங்களுக்குச் செரிக்காது. வெயில் ஏறி, தண்ணி கொஞ்சம் சூடானப்புறம் போட்டாத்தான் உடம்புல ஒட்டும். ரொம்பக் குளிரா இருந்தா அதுவும் பாதிதான்."

அவன் பரீட்சைக்குப் படித்த பாடம்தான். அவளும் ஒரு நாள் வந்து, தண்ணி குளிருது, அட்டையை மாத்தணும் என்று சொல்லியிருக்கிறாள். மீனுக்கு ஸ்வெட்டர் பின்னிப் போடுங்க என்று சிரித்து அனுப்பியவன் அவன்தான். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரிக்கா, பதினொன்றரைன்னே எழுதியிருக்கலாமே. எதுக்கு ஏழுன்னு எழுதினீங்க?"

"நோட்டு முதலாளி கைக்குப் போகுமே, தம்பி. அட்டை தப்புன்னு அவர் கண்டுபிடிச்சா உங்க வேலைக்கில்ல ஆபத்து? புதுசா வந்த புள்ள, போனாப் போகுதுன்னு ஏழுன்னே எழுதிட்டேன்."

அவனால் தலை நிமிர முடியவில்லை. காலையில் அனுப்பிய அறிக்கையில், மீன்கள் செத்ததற்குக் காரணம் என்ற இடத்தில் அவன் எழுதியிருந்தது இதுதான்: 'பழைய பணியாளர் வேளை தவறித் தீவனம் போட்டு, நோட்டில் பொய் எழுதியது.'