மழைக்கும் அசையாத பூச்சு

"மழை, வெயில், வேர்வை எதுக்கும் அசையக் கூடாது அண்ணே. பூசினா பூசினதுதான்னு இருக்கணும்," என்றாள் ஓபல், கைப்பையைக் கடை மேசையில் வைத்தபடி.

வெண்டலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேட்டைக்காரர்களுக்காகப் பெட்டைக்கோழிக் குரலில் வான்கோழிச் சேவலைக் கூப்பிடும் மரப்பெட்டி செய்வதில் அந்த மலைப்பக்கத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் மெருகுப் பூச்சைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்க ஓர் ஆள் வந்து எத்தனை வருஷம்!

அவள் புருஷன் ராய்ஸ் போன வாரம்தான் வால்நட் மரத்தில் செய்த அப்படியொரு பெட்டியை, பூச்சு பூசக்கூடப் பொறுக்காமல் வெறும் மரமாகவே வாங்கிப் போயிருந்தார். இடது காலை நொண்டும் கிழட்டு வான்கோழிச் சேவல் ஒன்று மூன்று வருஷமாக அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. வரும் சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது. இந்த முறை அதைச் சட்டியில் போடாமல் விடுவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"அரக்கு பாலிஷ் போட்டா?"

"ஒரு தூறலுக்கே வெளுத்துப்போகும்."

"ஆளிவிதை எண்ணெய்?"

"அது காயறதுக்குள்ள சீசனே முடிஞ்சிடும் தங்கச்சி. படகுக்கு அடிக்கிற வார்னிஷ் இருக்கே, அதான் ராஜா. தினம் ஒண்ணா மூணு பூச்சு. உன் பேரன் காலத்துக்கும் நிக்கும்."

ஓபல் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. மூடிக்கு அடியிலயும் பெட்டி விளிம்புலயும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. அது ரெண்டும் உரசித்தான் பெட்டைக்கோழிக் குரல் வருது. அங்க சாக்பீஸ் மட்டும்தான்."

"பட்டுட்டா?"

"பெட்டி ஊமை."

"சுரண்டி எடுத்துடலாமா?"

"மரமும் போச்சு, குரலும் போச்சு. புதுசா செய்ய எனக்கு ரெண்டு மாசம் ஆகும்."

ஓபல் அதையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வெண்டல் நினைத்துக்கொண்டார். ராய்ஸ் கொடுத்து வைத்தவன்தான்.

"பெட்டியைக் கொண்டா, நானே பூசித் தரேன்."

"வேணாண்ணே. அவருக்குத் தெரியாம நானே செய்யணும்."

வார்னிஷ் டப்பாவுக்குக் காசு எடுக்கக் கோட்டுப் பைக்குள் கைவிட்டாள். மக்காச்சோள மணிகள் நாலைந்து தரையில் சிதறின.

"கோழி வளர்க்கிறியா?"

"இல்லண்ணே," என்று அவள் அவசரமாகப் பொறுக்கினாள். "தினமும் காலையில ஒரு விருந்தாளி உண்டு."

"விருந்தாளிக்குப் பச்சைச் சோளமா? உன் சமையலுக்கு அதுவே தேவலைன்னுட்டாரா?"

அவளும் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"தங்கச்சி, மறந்துடாதே! மூடிக்கு அடியில பட்டுடப் போகுது!"

"முதல் பூச்சே அங்கதாண்ணே."

வெண்டல் வாசலுக்கே வந்துவிட்டார். "எதுக்கும்மா?"

"பாவம், நொண்டிக்கிட்டே மலையிறங்கி என்னை நம்பி சாப்பிட வர்றான்!"