ஒதுங்கு, பூட்டு

வெறுங்கையோடு நின்ற அங்கமுத்துவைப் பார்த்துக் கந்தப்பன் அரிவாளை ஓங்கினான். தன் அண்ணன் மயில்சாமியின் கழுத்தைத் திருகிய கை அந்த வெறுங்கைதான் என்று மோகனூரே பேசிக்கொண்டது.

பேசாமல் என்ன செய்யும்? செத்துக் கிடந்த மயில்சாமியின் கழுத்து திருகியிருந்தது, வலது முழங்கை பின்பக்கமாக முறிந்திருந்தது. உடம்பில் வேறு ஒரு கீறல்கூட இல்லை. அப்படி முறிக்கிற வித்தை, ஜப்பான் சண்டை முடிந்து மலாயாவிலிருந்து கப்பலேறி வந்த அங்கமுத்துவுக்குத்தான் தெரியும். போன மாதம் சந்தையில் அவனே வாய் கிழியப் பேசினான்.

“சீனாக்காரன் எதுத்து நிக்க மாட்டானுங்க. தள்ளுனா ஒதுங்கி, நம்ம வேகத்துலயே நம்மள உழ வெச்சிருவான். ஜப்பான்காரன் கையப் புடிச்சான்னா மூட்டப் பூட்டிருவான். ரெண்டையும் சேத்தா ஆனைகூட எந்திரிக்காதுங்க!”

காலையில் அரிவாளை எடுத்தபோதே அண்ணி வள்ளியாத்தாள் வாசலை மறித்தாள். அதே கப்பலில் அண்ணனோடு வந்தவள். முன்பல் இரண்டும் இல்லாத வாயால் கெஞ்சினாள். அண்ணன் அடித்ததில் போன பற்கள் அவை.

“போவாதீங்க சாமி. அங்கமுத்து அப்படிச் செய்யற ஆளில்லீங்க.”

“தள்ளுங்க அண்ணி!”

தோளால் ஓங்கி இடித்தான். மறுகணம் வாசல் மண்ணில் குப்புறக் கிடந்தான். அவள் லேசாக விலகித்தான் நின்றாள். ஆத்திரத்தில் கால் தடுக்கியிருக்கும் என்று மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது காவிரி மணல் காலைச் சுட்டது. முதல் வெட்டுக்கு அங்கமுத்து ஒதுங்கினான். இரண்டாவதற்கும் ஒதுங்கினான், கந்தப்பன் வீசிய வேகத்திலேயே போய் விழுந்து எழுந்தான். மூன்றாவது வெட்டில் மணிக்கட்டு பிடிபட்டது, முழங்கை பூட்டிக்கொண்டது. எலும்பு நெரிகிற சத்தம் கேட்டது. ஐயோ, உயிர் போகிற வலி! அரிவாள் மணலில் விழுந்தது.

“நான் கொல்லலீங்க. சொன்னாக் கேளுங்க,” என்று அங்கமுத்து பிடியை விட்டான்.

விட்டானே, பைத்தியக்காரன்! கந்தப்பன் இடக்கையால் அரிவாளை எடுத்து அவன் வயிற்றைக் குறுக்காகக் கிழித்தான். சரிந்த குடலைக் கையால் அடக்கிக்கொண்டு அங்கமுத்து மணலில் உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளித்தது.

“அந்தப் பூட்டு உன்னைய உட்டா வேற யாருக்குடா தெரியும்? சொல்லிட்டுச் சாவு!”

“நான்... கத்துக்கிட்டவன்தானுங்க. மலாயாவுல சீனன் ஊட்டுலயும், அப்பறம் ஜப்பான்காரன் ஊட்டுலயும் வேல செஞ்சு, பாத்துப் பாத்து ரெண்டையும் சேத்தது வேற ஆளுங்க. அவங்கதான் எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க.”

“யாருடா அது?”

“உங்க அண்ணிங்க.”