இரண்டு தரம் கூப்பிடுவார்

"அண்ணே! உங்க பொண்டாட்டி இன்னிக்கும் பெரட்டுக்குப் போறா. எந்திரிச்சுப் போய்ப் பாருங்க!"

அடுத்த வீட்டுக் காளியம்மா வாசலில் நின்று போட்ட சத்தத்தில் கந்தசாமி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். பாஞ்சாலையின் பாய் காலியாகக் கிடந்தது. ஆணியில் தொங்கும் அவளுடைய தலைத்துணியையும் காணோம்.

"மூணு நாளா பாத்துட்டுத்தான் சொல்றேன். எங்க புள்ளைங்க மரவள்ளிய அவிச்சுத் தின்னுட்டுக் கெடக்குதுங்க. தலைவர் வீட்டம்மா மட்டும் வேலைக்குப் போவாங்களா? ரொம்ப நல்லா இருக்குலா!"

கந்தசாமிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இந்த வேலைநிறுத்தத்தை ஆரம்பித்ததே அவன்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிட்டால் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது என்று, மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கியவனும் அவன்தான். ஒரே ஒரு ஆள் பதில் கொடுத்தாலும் போதும், ஸ்ட்ரைக் உடைந்துவிட்டது என்று தோட்டத்துத் துரை டவுன் முழுக்கச் சொல்லிவிடுவார்.

அவர்கள் ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக ஒரு லோரி, அவ்வளவுதான். எட்டு நாளைக்கு முன்னால் தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கந்தசாமியின் ஒரே மகளைப் பாம்பு கடித்தது. கொழுந்து ஏற்றிய லோரியைக் காலி பண்ண முடியாது என்றார் துரை. சாரோங்குத் துணியில் தூளி கட்டித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆறாவது மைலில் அவள் மூச்சு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயரை எடுக்கவே கூடாது என்று கந்தசாமி சொல்லிவிட்டான். காதில் விழுந்தால் தான் உடைந்துபோய்விடுவோம், அப்புறம் தன் பின்னால் யார் வருவார்கள் என்ற பயம் அவனுக்கு. பாஞ்சாலை மறுபேச்சு பேசவில்லை. கூட்டத்திலும் எல்லாரும் 'அந்தப் பொண்ணு' என்றுதான் சொன்னார்கள். போகப் போக லோரியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பனியில் வழுக்கி வழுக்கிக் கந்தசாமி மலையிறங்கினான். பாதி வழியில்தான் கிராணியின் குரல் காதில் விழுந்தது. மேலே அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு அது எட்டாது.

அந்தக் கிராணி ஒரு தனிப்பிறவி. செக்ரோல் என்ற ஆள்பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயர்களை உள்ளபடியே வாசிப்பார். சேர்ப்பதும் எடுப்பதும் ஒண்ணாம் தேதி மட்டும்தான். வேலையை விட்டுக் கம்போங் ராஜா என்ற ஊருக்குக் காய்கறித் தோட்டம் போட ஓடிப்போன பழனியப்பனை மாதக் கடைசி வரைக்கும் கூவிக்கொண்டிருந்த மகானுபாவர். ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகே ஆப்சென்ட் போடுவார். ஆறு நாளாக ஆள் திரளாத களத்தைப் பார்த்தும் அதே பாட்டுத்தான்.

இன்றும் களத்தில் பாஞ்சாலை மட்டும் நின்றாள். முதுகில் கூடை இல்லை.

"பாஞ்சாலை!" என்றார் கிராணி.

அவள் பேசவில்லை.

"பாஞ்சாலை!"

அதற்கும் பதில் இல்லை. கிராணி குனிந்து ஆப்சென்ட் போட்டார். கந்தசாமி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

"வேலைக்கு வரலேன்னா இங்க என்னா பண்றே? ஊரே காறித் துப்புது. வா, வீட்டுக்குப் போவலாம்."

"கொஞ்சம் பொறுங்க. அடுத்தது அவதான்."

"எவ?"

கிராணி பக்கத்தைப் புரட்டினார். "நீலாவதி!"

கந்தசாமியின் பிடி தானாகத் தளர்ந்தது. அவன் வைத்த பெயர் அது. எட்டு நாளாக அவன் காதில் விழவில்லை.

"வீட்ல கூப்புடக் கூடாதுன்னுட்டீங்க," என்றாள் பாஞ்சாலை. "இவரு ஒருத்தருதான் எம்மவள தெனமும் கூப்புடறாரு. நாளைக்கு ஒண்ணாந்தேதிங்க. பேர எடுத்துருவாரு."

மேலே லயத்து வாசல்களில் சனம் முழுக்கத் திரண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் வராந்தாவுக்குத் துரையும் வந்துவிட்டார். கிராணி பேனாவைப் பட்டியலில் ஊன்றிக்கொண்டு இரண்டாம் தரம் கூப்பிட்டார்.

"நீலாவதி!"

கந்தசாமி கையை உயர்த்தினான். மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"வந்திருக்காய்யா!"